இணைச்சீருக்குப் போன பேட்டரி வண்டி

சம்பளம் வாங்கியதும் சிலருக்குக் கை அரிக்கும். சிலர் சீட்டாடப் போவார்கள், சிலர் துணிக்கடைக்குப் போவார்கள். நான் என் பேட்டரி வண்டிக்கு எதையாவது வாங்கி மாட்டப் போவேன். இந்த வாக்குமூலத்தை என் மனைவி சாந்தாமணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதுகிறேன். அதனால் பொய் கலக்க வழியில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. கணபதி ஏரியாவில் ஒரு பம்புசெட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் வேலை எனக்கு. போத்தனூரில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். கல்யாணமான நாலாம் நாள் சாந்தாமணியை அவள் ஊருக்கு பஸ்ஸில் அழைத்துப் போனேன். அன்று காலை நானே அடுப்பைப் பற்றவைத்து, உப்புமா கிண்டி, அவள் இரண்டு தட்டு சாப்பிடும்வரை எதிரிலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். (எனக்கு உப்புமா பிடிக்காது. நான் டீயோடு நிறுத்திக்கொண்டேன்.) பஸ் கிணத்துக்கடவைத் தொடுவதற்குள் அவள் மூன்று முறை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டாள்.

"பஸ்ஸுப் புகை ஒத்துக்கலையாட்ட இருக்குதுங்க" என்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

இனி என் பெண்டாட்டி பஸ்ஸில் ஏறுவதில்லை என்று அந்த சீட்டிலேயே முடிவு செய்தேன். பெட்ரோல் வண்டியும் புகை விடும். புகையே இல்லாத வண்டி எது என்று விசாரித்தபோது, ஒரு மில் அதிகாரி ஆசைக்கு வாங்கி அலுத்துப்போய் ஷெட்டில் போட்டிருந்த பேட்டரி மொபெட் ஒன்று அகப்பட்டது. அதைச் செய்த கம்பெனியை மூடி இரண்டு வருஷமாகியிருந்தது. அதனால்தான் சல்லிசாகக் கிடைத்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

வந்தபோது அது சாதுவான வண்டி. இரண்டு பேட்டரி, சத்தமே இல்லை, சைக்கிள்காரர்கள் மணி அடித்து எங்களைத் தாண்டிப் போவார்கள். அப்படியே விட்டிருந்தால் பத்து வருஷம் ஓடியிருக்கும். எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் முதலில் சாந்தாமணிக்காக ஒரு அகலமான சீட் வாங்கினேன். அவளுக்கு வியர்க்கிறதே என்று, காருக்குள் வைக்கிற சின்ன ஃபேன் ஒன்றை வாங்கி அவள் முகத்தைப் பார்க்கிற மாதிரி பொருத்தினேன். அவள் பாட்டுக் கேட்க ஒரு கேசட் பெட்டி. ஊர் வழிவிட ஆறு ராகத்தில் அலறும் ஹாரன். கார் ஹெட்லைட் ஒன்று. இத்தனையும் ஏறியதும் வண்டி நடக்கிறவர்களுக்கே வழிவிடத் தொடங்கியது. ஆகவே பெரிய மோட்டார். பெரிய மோட்டார் கரண்ட்டைக் குடித்தது. ஆகவே லாரியில் கழற்றிய பழைய பேட்டரி இரண்டு. அந்தக் கனத்துக்கு டயர் படுத்துக்கொண்டது. ஆகவே தடித்த டயர், புது ஸ்பிரிங். இப்படி ஒவ்வொரு சாமானும் இன்னொரு சாமானைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது.

சாந்தாமணி அந்த ஒன்றரை வருஷத்தில் கேட்டது ஒரே ஒரு மிக்ஸி. அடுத்த மாசம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு மாசமும் சொன்னேன். அவள் அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டே தலையாட்டுவாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு கூசுகிறது.

அந்தச் சமயத்தில் அவள் தம்பி கதிர்வேலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சாந்தாமணிக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போதே அம்மா தவறிவிட்டார். அன்றிலிருந்து தம்பிக்குச் சோறாக்கிப் போட்டு, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பியவள் இவள்தான். எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் மணப்பெண்ணைப் போலவே சிங்காரித்துக்கொண்டு அவனோடு நிற்க வேண்டும். அவள் வந்து நிற்காமல் அடுத்த காரியம் நகராது. கதிர்வேலுக்கு இருப்பது ஒரே அக்கா.

இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுகிறேன் என்றாள். பஸ்ஸில் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கதிர்வேல் கார் அனுப்புவதாக ஆள் விட்டிருந்தான். "எங்கிட்ட நாலு பேட்டரி வண்டி இருக்குதுன்னு சொல்லு" என்று அந்த ஆளைத் திருப்பி அனுப்பினேன். (இதை எழுதும்போது சாந்தாமணி தொண்டையைக் கனைக்கிறாள்.)

சாயங்காலம் ஆறு மணிக்குச் சீர். இரண்டு மணிக்கெல்லாம் கிளம்பினோம். அவள் அரக்குப் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, அகலமான சீட்டில் உட்கார்ந்தாள். ஃபேன் சுற்றியது, பாட்டு ஓடியது. ஈச்சனாரியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் வியந்து பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் கேசட்டில் பாடிக்கொண்டிருந்த பெண் குரல் மெல்ல ஆண் குரலாக மாறியது. பிறகு அந்த ஆணுக்கும் தூக்கம் வந்தது. ஃபேன் நின்றது. கடைசியில் வண்டியும் நின்றது. நல்ல பேட்டரியோடு லாரியில் கழற்றிய பழைய பேட்டரியை இணைத்தால் பழையது நல்லதன் உயிரையும் சேர்த்துக் குடித்துவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கம்பெனியில் நான் தொட்டதெல்லாம் தண்ணீர் இறைக்கிற மோட்டார்தான். பேட்டரியைப் பற்றி எனக்குத் தெரிந்தது, நிறைய இருந்தால் நல்லது என்பது மட்டும்.

இறங்கித் தள்ளினோம். அந்தக் கனத்தைத் தள்ள நாலு பேர் வேண்டும். இருந்தது இரண்டு பேர், அதில் ஒருத்தி பட்டுச் சேலை. அப்போது அவள் ஊர்ப்பக்கம் போகிற பஸ் ஒன்று வந்தது. சாந்தாமணி கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன்.

"வாந்தி எடுத்துட்டுப் போயா சீர்ல நிப்பே?" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஐந்தரை மணி தாண்டும்.

ரோட்டோரம் ஒரு தக்காளித் தோட்டம், மோட்டார் ரூம். தோட்டத்துக்காரர் வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கரண்ட் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"கரண்ட்டுக்கென்னங்க, எடுத்துக்குங்க. அஞ்சு மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் போயிரும். அதுக்குள்ள எனக்குத் தண்ணி பாஞ்சிருக்கோணும், அவ்வளவுதான்."

சார்ஜரையும் நான் சும்மா விட்டிருக்கவில்லை. சீக்கிரம் ஏறட்டும் என்று நானே கூடுதலாகக் காயில் சுற்றி வைத்திருந்தேன். ஒயரைச் சொருகினேன். டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. (புகையில்லாத வண்டிக்கு அதுதான் முதல் புகை.) பீஸ் போய் அவருடைய மோட்டாரும் நின்றது. வாய்க்காலில் தண்ணீர் மெல்ல வடிந்தது. தோட்டத்துக்காரர் வாய்க்காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

சத்தம் கேட்டு அவர் மனைவி வந்தார். சாந்தாமணியை மேலும் கீழும் பார்த்தார்.

"கண்ணாலத்துக்குங்களா அம்மிணி?"

"எந்தம்பி கண்ணாலமுங்க. நாந்தான் இணைச்சீருக்கு நிக்கோணும்."

அந்த அம்மாள் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டார். "என்ன கண்ணு இது. நீ இங்க நின்னா அங்க சீரு எப்படி நடக்கும்?" என்றவர், புருஷன் பக்கம் திரும்பி, "ஏனுங்க, டிராக்டர எடுங்க" என்றார்.

அவர் டிராக்டரை எடுத்து வருவதற்குள் நான் புது பீஸ் கம்பி போட்டு மோட்டாரை ஓட வைத்துவிட்டேன். அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். "மோட்டார் வேலை நல்லாத் தெரியுதுங்களே" என்றார் அவர், என் வண்டியைப் பார்த்தபடி.

டிரெய்லரில் கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்குப் போகிற தக்காளிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வண்டியையும் ஏற்றலாமா என்று கேட்டேன்.

"ஏத்துனா மார்க்கெட்டுக்குச் சட்னியாத்தான் போய்ச் சேருமுங்க. இங்கயே கெடக்கட்டும், யாரு தூக்கப் போறா?"

நான் வண்டியைப் பார்த்தேன். பெரிய மோட்டார், நாலு பேட்டரி, ஆறு ராக ஹாரன். யாராவது ஒன்றொன்றாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டால்? இனிவரும் வாக்கியத்தை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"நீ போ சாந்தா. நான் வண்டிக்குக் காவலா இருந்துட்டு அப்பறமா வாரேன்" என்றேன்.

டிராக்டரில் ஏறப் போனவள் திரும்பி என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு பஸ்ஸு ஒத்துக்காமப் போனதே இல்லீங்க. பழனிக்கும் மதுரைக்கும் பஸ்லதான் போயிட்டு வந்திருக்கறேன். அன்னைக்கு ஆனது உப்புமாவாலங்க."

"உப்புமாவாலயா?"

"வெளக்குக்கு வெச்சிருந்த எண்ணெயைத் தாளிக்க ஊத்திப்போட்டீங்க. எதுத்தாப்பல நின்னு பாத்துட்டே இருந்தீங்க. எப்படி வேண்டாங்கறதுன்னு தின்னுபோட்டேன்."

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"எங்கம்மா போனதுக்கப்பறம் எனக்குன்னு யாரும் அடுப்புப் பத்த வெச்சதில்லீங்க. அதைப் போயி நல்லா இல்லைன்னு சொல்லுவனுங்களா?" முந்தானையை இழுத்துச் செருகினாள். "அப்பறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள சீட்டு வந்திருச்சு, ஃபேன் வந்திருச்சு. ஒவ்வொண்ணும் உனக்குத்தான்னு மாட்டிட்டு வந்து நின்னீங்க. அந்த மூஞ்சியப் பாத்து எங்க சொல்றது? இப்ப எந்தம்பி காத்துட்டு நிக்கறானுங்க. நீங்களும் வரோணும். நீங்க இல்லாம எனக்கு அங்க நிக்க முடியாது."

தோட்டத்துக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தென்னை மரத்தை உற்றுப் பார்த்தார். அவர் தோள் இரண்டும் குலுங்கின.

ஒன்றரை வருஷச் சம்பளத்தை ஒரு கரண்டி விளக்கெண்ணெய்க்காக உக்கடத்தில் கொட்டியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக அவள்மீது ஆசை வந்தது. அது இன்றுவரை குறையவில்லை. வண்டியைத் தென்னை மரத்தில் சாய்த்துவிட்டு டிரெய்லரில் ஏறினேன். அந்த அம்மாள் பெட்டிகளின்மேல் சாந்தாமணிக்காகத் துவைத்த போர்வை ஒன்றை விரித்தார். நான் ஓரத்தில் சாக்கின்மேல் உட்கார்ந்தேன். தோட்டத்துக்காரர் மார்க்கெட் வாசலில் நிற்காமல் நேராகக் கல்யாண வீட்டுக்கு விட்டார். தக்காளி அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளும் என்றார்.

ஆறே கால் ஆகியிருந்தது. கதிர்வேல் பந்தல் வாசலில் நின்றுகொண்டிருந்தான். தக்காளிகளுக்கு நடுவிலிருந்து அக்கா இறங்குவதைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளும் அழுதாள். கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் பிடித்துக்கொள்ள, அவள் பக்கத்தில் நின்றபோது, பன்னிரண்டு வயதில் அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன பெண் எனக்குத் தெரிந்தாள். நான் காவலுக்கு நின்றிருந்தால் இதைப் பார்த்திருக்க மாட்டேன்.

தோட்டத்துக்காரரைச் சாப்பிடாமல் விடமாட்டோம் என்று உட்கார வைத்தார்கள். அது தப்பாகிப் போனது. அவர் கை கழுவுவதற்குள் பந்தல் முழுவதற்கும் கதை தெரிந்துவிட்டது. மறுநாள் காலை பந்தியில் என் இலைக்கு மட்டும் உப்புமா வந்தது. "மாப்பளைக்கு ரெண்டு தட்டு வையுங்க. தின்னு முடிக்கிறவரைக்கும் எதுத்தாப்பல நில்லுங்க" என்றார் சாந்தாமணியின் சித்தப்பா.

வண்டி பத்திரமாகத்தான் இருந்தது. அகலமான சீட்டில் தோட்டத்துக் கோழி ஒன்று படுத்திருந்தது. எல்லாவற்றையும் கழற்றி விற்று மிக்ஸி வாங்கினேன். சின்ன ஃபேனை மட்டும் சாந்தாமணி விற்கவிடவில்லை. அடுப்படிச் சுவரில் அது இன்றும் சுற்றுகிறது, கொஞ்சம் முனகிக்கொண்டு.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலை உப்புமா என் பொறுப்பு. இப்போது நானும் சாப்பிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் யார் எதைச் சமைத்தாலும் நன்றாக இருக்கிறது, இல்லை என்று யாரும் சொல்வதில்லை. நன்றாக இருந்தால் "பஸ்ல போலாம்" என்பார்கள். இல்லாவிட்டால் "பேட்டரி வண்டி பாருங்க" என்பார்கள். புதிதாக வந்த மருமகனுக்கு ஒரு வாரம் ஒன்றும் புரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாந்தாமணி முதல் வாய் எடுத்து வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தாள். நான் வழக்கம்போல் எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

"நாப்பது வளைவு ஏறி வால்பாறைக்கே பஸ்ல போலாமுங்க" என்றாள்.