பந்தைக் கீழே வைக்காதவன்

காலால் பிழைத்தவனுக்குக் கையை என்ன செய்வதென்றே தெரியாது. கால்பந்தில் சம்பளம் வாங்கிய காலமெல்லாம் என் கைகளுக்கு ஒரே வேலைதான். கோல் போட்டதும் மண்டியிட்டு, சிலுவை போட்டு, வானத்துக்கு உயர வேண்டும். (பெங்களூரு லிங்கராஜபுரத்தில் பாதிப் பேர் இதைக் கோல் போடுவதற்கு முன்பே பழகிவிடுவோம்.)

முப்பதை நெருங்கியபோது கிளப் என்னைக் கழற்றிவிட்டது. "ரக்பிக்கு வா மச்சா, ஓடினா போதும்" என்றான் பழைய கூட்டாளி. ஒரு ஆட்டம் சோதனை. தேறினால் ஒப்பந்தம், இல்லையென்றால் வைட்ஃபீல்டில் செக்யூரிட்டி வேலை. அப்பா தன் பைக் மெக்கானிக் கடையைப் பூட்டிவிட்டுப் பார்க்க வந்திருந்தார்.

கடைசி நிமிடம். ஒரு முறை கோட்டைத் தாண்டினால் ஜெயிப்போம் என்ற நிலை. பந்து என்னிடம் வந்தது. நாய் துரத்தினால்கூட அப்படி ஓடியிருக்க மாட்டேன். கோட்டைத் தாண்டினேன். மண்டியிட்டு, சிலுவை போட்டு, கண்ணை மூடி, பந்தை வானத்துக்குத் தூக்கினேன்.

"கீழ வைடா! கீழ வை!" என்று மொத்த அணியும் கத்தியது. வாழ்த்துகிறார்கள் என்று நினைத்தேன். ரக்பியில் கோட்டைத் தாண்டினால் போதாது, பந்தைத் தரையில் அழுத்தினால்தான் புள்ளி. இதைப் பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். எதிரணிக்காரன் ஒருவன் மாங்காய் பறிப்பதுபோல் என் கையிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு போனான். தோற்றோம்.

பஸ்ஸில் அப்பாதான் இருவருக்கும் டிக்கெட் எடுத்தார். பிறகு, "சாமிக்கு அப்புறம் தேங்க்ஸ் சொல்லலாம்டா. சும்னே ஓடினா, சும்மா ஓடினா ஆகுமா? வெச்சாதான் பாயிண்ட்" என்றார்.

"ஓட வருது, வைக்கச் சொல்லிக்கொடுக்கலாம்" என்று கோச் என்னை எடுத்துக்கொண்டார். அப்பாதான் அந்தப் பேச்சை விடவில்லை. நான் கேஸ் சிலிண்டரைத் தூக்கினாலும், தூங்கும் குழந்தையைத் தூக்கினாலும், "வெச்சியா? வெச்சாதான் பாயிண்ட்" என்பார்.

போன வருடம் அப்பா போய்விட்டார். குழிக்குள் பெட்டியை இறக்கும்போது என்னால் கயிற்றை விட முடியவில்லை. என் மூலை மட்டும் அந்தரத்தில் நின்றது. பாதர் ஜெபத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் கயிறு பிடித்திருந்த தம்பி, அழுதுகொண்டே என் காதில் சொன்னான்: "கீழ வைண்ணா. வெச்சாதான் பாயிண்ட்."

சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்பன் அடக்கத்தில் சிரித்தவன் என்று சொந்தக்காரர்கள் இன்றும் எல்லாக் கல்யாணத்திலும் என்னைக் காட்டுகிறார்கள். காட்டட்டும். அன்று சிரித்துக்கொண்டேதான் கயிற்றைத் தளர்த்தினேன்.

வைத்துவிட்டேன், அப்பா.