பண்டியின் காலை எப்போது விடலாம்

லண்டன் மாநகரில் காட்டுப்பன்றியை உயிரோடு பிடிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் அப்டன் பார்க்கில் எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தார். லண்டனில் காட்டுப்பன்றி கிடையாது என்பதை அவர் ஒரு குறையாக எடுத்துக்கொண்டதே இல்லை. வீடு எரியாத நாளில் நெருப்பணைக்கிறவன் தன் தொழிலை மறந்துவிடுகிறானா என்ன?

எண்பதுகளின் நடுவில் வன்னியிலிருந்து வந்தவர். அங்கே நாய்களோடு காட்டுக்குள் இறங்கிய மனிதருக்கு இங்கே ரொட்டி சுடுகிற பாண் தொழிற்சாலையில் ஷிப்ட். பன்றியை நாங்கள் பேச்சில் 'பண்டி' என்போம். வாயைத் திறந்தால் பண்டி என்பதால் அவர் பண்டியண்ணை ஆனார். சொந்தப் பெயர் என்னவென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் அவரே ஒரு கணம் யோசிப்பார்.

வீட்டில் நாங்கள் எல்லோரும் படிப்பும் வேலையுமாக அலைந்த இளவட்டங்கள். எங்களில் சிறிக்கு மட்டும் பண்டியண்ணையில் துளியும் நம்பிக்கை இல்லை. யாழ்ப்பாணப் பட்டினத்துப் பிள்ளை, கணக்கியல் படிக்கிறவன். எதற்கும் அத்தாட்சி கேட்பான்.

"அண்ணை, நீங்கள் பண்டியைப் பிடிச்சனீங்களோ, பண்டி உங்களைப் பிடிச்சதோ?"

பண்டியண்ணை சாரத்தை உயர்த்தித் தொடையில் ஒரு சாண் நீளத் தழும்பைக் காட்டுவார்.

"உது சைக்கிள் செயின் கிழிச்ச மாதிரிக் கிடக்கு."

"தொடையில செயின் ஓடுற சைக்கிள் உங்கட பட்டினத்திலதான் இருக்கும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சு முற்றி, செய்முறை விளக்கமே நடந்துவிட்டது. "வா, நீதான் பண்டி" என்று சிறியைக் குசினியில் நான்கு காலில் நிற்க வைத்தார். இரண்டு தலையணைகள் நாய்கள். அவற்றைச் சிறியின் காதுகளோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு.

"முன்னுக்கு நில்லாதை. அது கீழயிருந்து மேல கிழிக்கும். நாய் ரெண்டும் காதில தொங்கேக்குள்ள சத்தம் போடாமல் பின்னால போ. பின்னங்காலை முழங்காலுக்கு மேல பிடிச்சுத் தூக்கு. பின்பக்கம் எழும்பினால் பண்டிக்குப் பெலனில்லை. பிறகு சரிச்சுப்போட்டு, தோளில முழங்காலை ஊண்டிக் கட்டு."

சொன்னபடியே தூக்கினார். சிறியின் நெற்றி காஸ் அடுப்பில் 'ணங்' என்று மோதியது.

"பாத்தியளோ, பெலனில்லை."

"விளங்கிற்றுது அண்ணை. காலை விடுங்கோ."

"பொறு. இனித்தான் விசயம் இருக்கு. நாய் விலகிப் பத்திரமாகாமல் பண்டியின்ர காலை விடப்படாது. முதல் நாய், பிறகுதான் நீ. கை முறிஞ்சாலும் விடப்படாது." இதைச் சொன்னபோது மட்டும் அவர் முகத்தில் பகிடி இல்லை.

"அண்ணை, கால் விறைக்குது."

"நாய் எங்க?"

நான் ஓடிப்போய்த் தலையணைகளைச் சோபாவில் வைத்துவிட்டு வந்து சொன்னேன். அதன் பிறகுதான் சிறிக்கு விடுதலை.

லண்டன் முழுவதையுமே அவர் இந்தப் பாடத்தின்படிதான் கையாண்டார். அகதி விண்ணப்ப விசாரணைக்குப் போன இடத்தில், அதிகாரிக்கு நேர் முன்னால் இருக்க மாட்டேன் என்று கதிரையை இழுத்து அவருக்குப் பின்னால் போடப் பார்த்தாராம். மொழிபெயர்ப்பாளர் கெஞ்சியிருக்கிறார். "முன்னுக்கு இருந்தால் முட்டுவான் தம்பி" என்று பண்டியண்ணை விளக்கிவிட்டுக் கடைசியில் பக்கவாட்டுக்கு இறங்கி வந்தார். அவருக்கு விசா கிடைத்துவிட்டது. அதன் பிறகு எங்களில் இரண்டு பேர் தங்கள் விசாரணைக்குப் போனபோது கதிரை எந்தப் பக்கம் கிடக்கிறது என்றுதான் முதலில் பார்த்தார்கள்.

ஏறத்தக்க மரம் ஒன்றைப் பார்த்து வைக்காமல் காட்டுக்குள் இறங்கக் கூடாது என்பது இன்னொரு விதி. வெம்பிளியில் கல்யாண வீடென்றால் மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒரு தூணைத் தெரிந்தெடுப்பார். தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கும்வரை முதுகு அந்தத் தூணை விட்டு நகராது. "உங்கட ஆள் என்ன, மண்டபத்தைத் தாங்கிறாரோ?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள்.

இப்படிப்பட்டவர் கையில்தான் பக்கத்து வீட்டு மிஸிஸ் பார்லோ தன் நாயை ஒப்படைத்தார். தனியாக வாழ்ந்த வெள்ளைக்கார மூதாட்டி. இடுப்பெலும்பு முறிந்து நடக்க முடியாமல் போனதும், நாயைத் தினமும் உலாத்தக் கூட்டிப்போகப் பண்டியண்ணை முன்வந்தார். நாயின் பெயர் பிரின்ஸ். பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. பண்டியண்ணை தன் பழைய இடுப்புப் பட்டியை வெட்டி அதன் கழுத்துக்கு நாலு விரல் அகலத்தில் ஒரு தோல்பட்டி செய்து போட்டார். பண்டியின் பல் கழுத்தில் ஏறாமல் இருக்கத்தானாம். மிஸிஸ் பார்லோ அதை ஏதோ கீழைநாட்டு அலங்காரம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

அதோடு விட்டாரா? பிரின்ஸுக்குத் தமிழும் படிப்பித்தார். இரண்டே சொற்கள். 'சூ' என்றால் பாய்ந்து பிடி. 'விடு' என்றால் விடு.

கோளாறு அந்த முதற்சொல்லில் இருந்தது. எங்கள் ஊரில் நாயை ஏவிவிட 'சூ' என்போம். ஆங்கிலேயரோ ஒன்றை விரட்ட 'ஷூ' என்பார்கள். சில நாட்களில் மிஸிஸ் பார்லோ எங்களை மதிலருகே கூப்பிட்டு ஓர் அதிசயம் சொன்னார். முற்றத்தில் புறாக்களை 'ஷூ' என்று விரட்டினால், இவ்வளவு காலமும் சும்மா படுத்திருந்த பிரின்ஸ் இப்போது அம்பு மாதிரிப் பாய்கிறதாம். வயது போகப் போக அதற்கு வீரம் கூடுகிறது என்றார். பண்டியண்ணை வானத்தைப் பார்த்தார்.

ஒரு வசந்தகாலச் சனிக்கிழமை, சிறி ஒரு திட்டத்தோடு வந்தான். பிள்ளைகள் பார்ப்பதற்கென்று நகரத்துக்குள்ளேயே ஒரு பண்ணை இருந்தது. ஆடு, கோழி, ஒரு பெரிய ஆண் பன்றி. "அண்ணையைக் கொண்டுபோய் முன்னால நிப்பாட்டுவம். எல்லாம் வெளிச்சிடும்" என்றான். பிரின்ஸின் உலாத்தல் நேரம் என்பதால் அதுவும் வந்தது.

வேலிக்குப் பக்கத்தில் போனதும் பண்டியண்ணையின் கை ஒரு கம்பத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பலகையில் ஹெர்பர்ட் என்று பெயர் எழுதியிருந்தது. உள்ளே நின்ற பன்றியின் வாயில் இரண்டு பக்கமும் மஞ்சள் நிறத்தில் பல் வளைந்து நின்றது.

"என்னண்ணை, பயந்திட்டியளோ?"

"இது பண்டியில்லை. லொறி."

அந்த நேரம் ரப்பர் பூட்ஸ் போட்ட பண்ணைப் பெண்ணொருத்தி தள்ளுவண்டியில் தீனி கொண்டுவந்து, வேலிப் படலையைத் திறந்து வண்டியை உள்ளே தள்ளினாள். பிரின்ஸ் கயிற்றைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. போய், எட்ட நின்று இரண்டு தரம் குரைத்தது. அவ்வளவுதான். கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும். ஆனால் அவள் பதறிப்போய்க் கையை வீசி, "ஷூ, ஷூ" என்றாள்.

பிரின்ஸுக்குக் கட்டளை கிடைத்துவிட்டது. பாய்ந்து ஹெர்பர்ட்டின் காதில் தொங்கியது.

பன்றி அலறித் தலையை உதறியது. நாய் காற்றில் துணிபோல் பறந்தது, காதை விடவில்லை. அவள் இன்னும் பலமாக "ஷூ" என்றாள். அது இன்னும் பலமாகக் கடித்தது. சிறி, "அக்கா, உதைச் சொல்லாதேங்கோ, அக்கா" என்று அந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் தமிழில் மன்றாடினான். நாய் விழுந்தால் அடுத்த குத்தில் அதன் வயிறு கிழியும் என்பது எனக்கே தெரிந்தது. மிஸிஸ் பார்லோவுக்கு அதைவிட்டால் உலகத்தில் வேறொருவரும் இல்லை.

நான் திரும்பிப் பார்த்தபோது பண்டியண்ணை பக்கத்தில் இல்லை. உள்ளே, பன்றிக்குப் பின்னால் நின்றார். வேலிக் கம்பத்தை இடக்கையால் மரத்தைப் போல வளைத்துக்கொண்டு, வலக்கையால் பின்னங்கால் ஒன்றைப் பிடித்துத் தூக்கினார். தூக்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அரை முழம் எழுந்திருக்கும். ஆனால் அந்த அரை முழத்தில் ஹெர்பர்ட்டுக்குத் திரும்ப முடியவில்லை. அது உதைத்த ஒவ்வோர் உதைக்கும் அவர் முழு உடம்பும் குலுங்கியது.

"தம்பி, அந்தப் பிள்ளையை வாயை மூடச் சொல்லு."

நான் ஆங்கிலத்தில் கத்தினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு படலைக்கு வெளியே வந்தாள்.

"பிரின்ஸ், விடு." கோபமே இல்லாத குரல். நாய் விட்டது. சிறி பாய்ந்து அந்த அகலமான தோல்பட்டியில் பிடித்து நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

"நாய் எங்க?"

"வெளியில அண்ணை. விடுங்கோ நீங்கள்."

"படலை?"

"பூட்டியாச்சு. விட்டிட்டு வாங்கோ அண்ணை." சிறியின் குரல் அழுகையில் இருந்தது.

அதன் பிறகுதான் விட்டார். விட்டு, கம்பத்தின்மேல் தொற்றி, காற்சட்டையின் பின்பாதியை வேலிக்குத் தானம் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் விழுந்தார். ஹெர்பர்ட் ஒருதரம் சுற்றிப் பார்த்தது. பிறகு தள்ளுவண்டிக்குப் போய்த் தீனியைத் தின்னத் தொடங்கியது.

பஸ்ஸில் சிறி தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவர் இடுப்பில் கட்டிவிட்டான். "அண்ணை, கை கழண்டிருக்குமே. முந்தியே விட்டிருக்கலாம்தானே?"

பண்டியண்ணை மடியில் கிடந்த நாயின் காதைத் தடவினார். "ஊரில ஒருக்கா நாய் விலக முந்தி விட்டனான்" என்றார். தொடையில் தழும்பிருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எப்போதும் அத்தாட்சி கேட்கிற சிறி அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

பண்டியண்ணை மிஸிஸ் பார்லோவிடம் நாயின் கயிற்றைக் கொடுத்தபோது, அவர் இரண்டு கையாலும் பிடித்துவிட்டாரா என்று குனிந்து பார்த்த பிறகே தன் விரல்களை எடுத்தார்.

பிறகு காலப்போக்கில் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். பண்டியண்ணை இன்னும் அதே பின்னறையில்தான். நான் போய்ப் பார்த்துத் திரும்பும்போது ஸ்டேஷன்வரை வருவார். ரயிலில் ஏறுகிற என் தோள்பையின் பட்டியைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்பார். நான் உள்ளே கம்பியைப் பிடித்துவிட்டேனா என்று பார்த்துத்தான் விடுவார். எதற்கும் அவசரப்படுகிறவன் நான். ஆனாலும் அந்தக் கம்பியைக் கொஞ்சம் மெதுவாகத்தான் தேடுகிறேன்.