பீப்பீ அக்காவின் கருவிகள்

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில், பீப்பீ அக்காவுக்குத் தெரியாமல் ஒரு டம்ளர் பால்கூடப் பொங்க முடியாது. பொங்குவதற்கு முன்பே அவர் செய்து வைத்த கருவி கத்திவிடும். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் ஒரு கத்தல், கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் இன்னொரு கத்தல். புதிதாக வரும் விருந்தாளிகள், இந்த லைனில் கைக்குழந்தைகள் அதிகம் என்றே நினைப்பார்கள்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. கட்டிய கணவரே அதை மறந்துவிட்டார்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஒயர் இணைக்கும் வேலை. மற்றதெல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றது. லீவு நாளில் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்துச் சென்னைக்குப் போய், பை நிறைய சென்சாரும் பஸ்ஸரும் வாங்கி வருவார். அடுத்த லீவுக்குள் எங்களில் யாருடைய நிம்மதியோ போயிருக்கும்.

ஒருமுறை பொதுக் குளியலறைக்கு ஒன்றைப் பொருத்தினார். உள்ளே போனவர் ரொம்ப நேரம் இருந்தால் கத்தும். கடைசி வீட்டு மாமா குளிக்கும்போது பாடுகிறவர். பாட்டு சூடுபிடித்த இடத்தில் அது கத்தியது. சோப்பு நுரையோடு தலையை நீட்டினார்.

"இன்னாம்மா இது பேஜாரு! மனுசன் நிம்மதியா குளிக்கக்கூடாதா?"

"குளி மாமா, யாரு வேணான்னது? வெளிய ஆளு நிக்கிதுன்னு அது சொல்லுது. நானா சொல்றேன்?"

இதெல்லாம் பொழுதுபோக்கு. அவர் உயிரைக் கொடுத்துச் செய்தது ஒன்றே ஒன்றுதான்.

அவர் கணவரை நாங்கள் அண்ணன் என்போம். வார்ப்பட ஆலையில் மணல் தூசிக்கு நடுவில் வேலை பார்த்து நுரையீரலைத் தொலைத்தவர். ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். அக்கா ஷிஃப்டில் இருக்கும்போது நின்றால்? அதற்காக எங்கள் வீட்டுச் சுவர்வரை ஒயர் இழுத்து ஒரு பஸ்ஸர் மாட்டினார். பகலில் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவள் நான் ஒருத்திதான். அது அலறினால் நான் ஓடிப்போய், பழைய யூபிஎஸ்ஸையும் ஒரு பாட்டரியையும் சேர்த்து அவர் கட்டிய பெட்டியின் சுவிட்சைப் போட வேண்டும்.

போட்டுவிட்டு இரைக்க இரைக்க நிற்பேன். அண்ணன் சிரிப்பார்.

"இன்னாம்மா, என்னவிட உனக்குத்தான் மெஷின் வேணும்போல கீது."

ஒரு புயலில் மின்கம்பங்கள் சாய்ந்தன. ரோட்டில் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் வரவில்லை. பெட்டியிலிருந்த பாட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. அக்கா கொட்டும் மழையில் மெயின் ரோட்டுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே ஆந்திராவுக்குப் போகும் லாரி ஒன்று ஒதுங்கி நின்றிருந்தது.

"நைனா, உன் வண்டிய எங்க ஊட்டாண்ட கொண்டா."

"எதுக்கும்மா?" என்றார் டிரைவர்.

"எம் புருசன் மூச்சு உடணும்."

டிரைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஏறி இஞ்சினைக் கிளப்பினார். துணிக்கொடியையும் ஒரு முருங்கைக் கிளையையும் இழுத்துக்கொண்டு லாரி எங்கள் சந்துக்குள் வந்தது. அக்கா லாரியின் பாட்டரியிலிருந்து ஜன்னல் வழியாக அந்தப் பெட்டிக்கு ஒயர் கொடுக்கப் போனார். சைலன்சர் புகை நேராக வீட்டுக்குள் போனது.

"வண்டிய அந்தாண்ட திருப்பு நைனா! நீயே அவர கொன்னுடுவ போல கீதே!"

வெளியே போய், திரும்பி, ரிவர்ஸில் உள்ளே வந்தார் அந்த மனிதர். கரண்ட் வரும்வரை இஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. லாரியும் எங்களோடு நின்றது, டிரைவரும் எங்களோடு சாப்பிட்டார். அண்ணன் பிழைத்தார்.

சில வாரம் கழித்து, வெயில் அடித்த ஒரு மத்தியானம், கரண்ட் முழுசாக இருக்கும்போது, தூக்கத்திலேயே போய்விட்டார். எங்கள் வீட்டுப் பஸ்ஸர் வாயைத் திறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா என் சுவருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார்.

"ஏன் அடிக்கல?"

"மெஷின் ஓடிக்கினுதான் இருந்துச்சிக்கா."

"அதான்... ஏன் அடிக்கல?"

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் லைன் முழுக்க மாட்டியிருந்த எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டிவிட்டார். வேலைக்குப் போவதில்லை, கதவைத் திறப்பதில்லை. தொட்டி நிரம்பி மாடி வழியாக ஊற்றியது. அடுப்பெல்லாம் பால் வழிந்தது. யாரும் திட்டவில்லை. அந்த அமைதியைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

கடைசி வீட்டு மாமாதான் முதலில் ஆரம்பித்தார். ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவின் முதுகைத் திறந்து எதையோ பிடுங்கி, "பாடமாட்டேங்குதும்மா" என்று அக்காவின் வாசலில் வைத்துவிட்டு வந்தார். எதிர்வீட்டுக்காரி டார்ச் லைட்டைக் கொண்டுபோனாள். நான் என் இஸ்திரிப் பெட்டியோடு போய், கதவு திறக்கும்வரை தட்டினேன்.

"எலி கடிச்சிடுச்சிக்கா."

அக்கா ஒயரின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநாள் கழித்து அவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

"எலிகிட்ட கத்திரிக்கோலு கீதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உள்ளே போய் சால்டரிங் அயர்னை எடுத்து வந்து, பிளக்கில் சொருகினார்.

"இழுத்து இழுத்து வெட்டிகீற. அடுத்த தபா கத்தில ஒரே போடா போடு, எனக்கு வேலை மிச்சம்."

அடுத்த வாரம் மிக்ஸியின் ஒயரைக் கத்தியால்தான் வெட்டினேன்.