எப்படி அண்ணன் வாங்கிய கரண்டி அடி

‘லாரி கேட்டை முதல் முறை லைட்லி இடித்தது. இரண்டாம் முறை கம்ப்ளீட்லி இடித்தது.’

சுங்கை லாலாங் பக்கம் நான் ஸ்டோர் கிளார்க்காக இருக்கும் கையுறைத் தொழிற்சாலையின் ஜாகா ரிப்போர்ட், ஆங்கிலத்தில் இப்படித்தான் சொல்கிறது. நகல் என்னிடம் உண்டு. தேதி இருந்த மூலையில் யாரோ கோப்பியைக் கொட்டிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை என்பது மட்டும் தப்பியது.

எழுதியவர் எங்கள் தலைமை ஜாகா, அதாவது தலைமைக் காவலாளி. பட்டப்பெயர் ‘எப்படி அண்ணன்’. ஆங்கிலத்துக்காக அவரைப் போல் அடி வாங்கிய மனிதர் கெடா மாநிலத்திலேயே கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

யார் எதை இடித்தாலும், யார் யாரைத் தட்டினாலும் அவர்தான் ரிப்போர்ட் எழுத வேண்டும். வெறும் ‘ஹிட்’ என்று எழுதிவிட்டுப் போகிற ஆள் இல்லை.

“அடிச்சான்னு எழுதுனா பாதி ரிப்போர்ட்தான் தம்பி. எப்படி அடிச்சான்? லைட்லியா, ஹார்டா, வயலண்ட்லியா? அதுலதான் ஆளோட கதியே இருக்கு!”

கண்ணால் பார்க்காத அடிக்குச் சொல் போடமாட்டார். அதனால் எல்லாவற்றையும் மறுபடி நடத்திப் பார்ப்பார். லாரி டிரைவரை முன்போலவே இன்னொரு முறை இடிக்கச் சொன்னார். அப்படித்தான் கேட் போனது. பேக்கிங்கில் இருவர் அறைந்துகொண்டபோது, இருவருக்கும் தன் கன்னத்தைக் காட்டினார். இடது கன்னம் ‘ஷார்ப்லி’, வலது கன்னம் ‘ரிபீட்டட்லி’ என்று முடிவாயிற்று.

இந்த நிலையில்தான், கேண்டீனில் சமைக்கும் கனகா அக்கா ஒரு சூப்பர்வைசரின் தலையில் குழம்புக் கரண்டியால் போட்டுவிட்டார். அவன் மீன் சட்டிக்குள் கையை விட்டிருந்தான். ‘வயலண்ட்லி’ அடித்தாள் என்று மேனேஜருக்குப் புகார் எழுதினான். பினாங்கிலிருந்து வரும் அந்தச் சீன மேனேஜருக்கு ஜாகா ரிப்போர்ட்தான் சட்டம். அதிலும் அதே சொல் இருந்தால் அக்காவுக்கு அன்றே வேலை போகும். கம்பெனி கொடுத்த வீடும் போகும். அந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத கணவர் படுத்திருந்தார்.

“கொஞ்சம் பாத்து எழுதுங்கண்ணே,” என்று அக்கா அழுதார்.

“நான்தான் பாக்கலியே. அந்தக் கரண்டிய எடு.”

மேனேஜர் முன்னிலையில் அண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்தார்.

“அதே மாரி போடு. கூட்டாத, கொறைக்காத.”

“ஐயோ, ஒங்கள எப்படிண்ணே அடிப்பேன்?”

“அதத்தாம்மா நானும் கேக்குறேன். எப்படி?”

அக்கா கண்ணை மூடிக்கொண்டு போட்டார். அந்தச் சத்தத்தில் கேண்டீன் முழுக்க மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. அண்ணன் சிறிது நேரம் மேலே விசிறியைப் பார்த்தபடி, அது சுற்றும் திசையிலேயே தலையைச் சுழற்றினார். விசிறி நின்றுபோய் ஒரு வாரம் ஆகியிருந்தது. பிறகு பேனாவைத் திறந்து, ‘லைட்லி’ என்று எழுதினார்.

“என்னாண்ணே இது? கரண்டியே வளைஞ்சி போச்சிலா!” என்று சூப்பர்வைசர் கத்தினான்.

“ரிப்போர்ட்டு கரண்டியப் பத்தி இல்ல தம்பி.”

மேனேஜர் அண்ணனின் தலையைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது.

அடுத்த இரண்டு நாளும் அண்ணன், வெளியே போகிறவர்களுக்கு ‘குட் மார்னிங்’ சொல்லி, உள்ளே வருகிறவர்களை வழியனுப்பினார். தொப்பி ஒரு வாரம் ஆணியிலேயே தொங்கியது. தலையில் உட்காரவில்லை.

“அண்ணே, நெசமாவே லைட்லிதானா?” என்று கேட்டேன்.

“தலை என்னோடதா, ஒன்னோடதா?”

எதையும் இரண்டு பேரிடம் விசாரிக்காமல் என் குறிப்பேட்டில் ஏற்றமாட்டேன். கனகா அக்காவைக் கேட்டால், “நாந்தான் கண்ண மூடிட்டேனே,” என்கிறார். வேலை ஓய்வுக்குப் பின் அண்ணன் பாலிங் ஊரில் மகனோடு இருக்கிறார். போன மாதம் இதைக் கேட்பதற்கென்றே அங்கே போனேன். செருப்பைத் தேடக் குனிந்தவரின் வழுக்கையில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. அது பிறவியிலேயே உள்ளதா, கரண்டி தந்ததா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை. செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்துவிட்டு, கேட்காமல் வந்துவிட்டேன்.