மூடாத கடைக்கு இரங்கல்

பக்தர்களில் பல ரகம் உண்டு. சாமிக்கு உண்டு, சினிமா நடிகருக்கு உண்டு, கிரிக்கெட்டுக்கும் உண்டு. ஒரு ரோட்டுக்கு உண்டு என்றால் நம்புவீர்களா? நம்பாவிட்டால் அமெரிக்காவில் எங்கள் ஓக்லஹோமாவுக்கு வாருங்கள். அறுபத்தாறாம் நம்பர் நெடுஞ்சாலையில், நடீன் டாக்கெட்டின் சாப்பாட்டுக் கடைக்கு நேர் எதிரே நான் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாக இந்தப் பழைய ரோட்டுப் பக்தரைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துவிட்டது.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். தொப்பியில் சாலை நம்பர், சட்டையில் சாலை நம்பர், பெல்ட்டில் சாலை நம்பர்; வண்டியை விட்டு இறங்கியதும் குனிந்து வெடித்துப்போன கான்கிரீட்டைத் தடவுவார், கண் கலங்குவார், இதற்குப் பதிலாகப் பின்னால் வந்த பெரிய நெடுஞ்சாலைப் பக்கம் தலை வைத்தே படுப்பதில்லை என்று சத்தியம் செய்வார் (அவசரமாக ஒண்ணுக்கு வந்தால் மட்டும் விதிவிலக்கு), பிறகு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார். "நீங்க நிக்கிறது அசல் ரோடே இல்லைங்க. இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழுல போட்டது. இருபத்தாறுல போட்ட அசல், அதோ அந்த மாட்டுப் பட்டிக்குள்ள போகுது." அந்த அசலுக்குள் வண்டியை விட்டுச் சேற்றில் புதைந்ததும் யாரைக் கூப்பிடுவார்? என்னைத்தான்.

எல்லாம் சரி, உட்கார்ந்து நாலு வாய் சாப்பிடுவாரா? மூச்! கடைப் பலகையைப் படமெடுப்பார், கதவுக் கைப்பிடியைப் படமெடுப்பார், "இந்த முக்காலி அந்தக் காலத்து முக்காலிதானா?" என்று கேட்பார், ஓசியில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் லைல் பெட்டிபோன். இணையத்தில் 'ரோட்டுச் செய்தி' நடத்துகிறார். சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா கடற்கரை வரை எந்த விளக்கு அணைந்தாலும் முதலில் சொல்பவர் அவர்தான். கடை திறந்தால் ஒரு வரி எழுதுவார். மூடினால் ஒரு பக்கம். 'மற்றுமோர் இழப்பு' என்று தலைப்புப் போடும்போது மனுஷனுக்கு முகத்தில் என்ன ஒரு தேஜஸ் என்கிறீர்கள்!

போன செப்டம்பரில் நடீன், சாலைக்கு நூறு வயசாகப் போகிறதே என்று, தன் கடை வாசலில் சேவல் படம் போட்டிருந்த பெயர்ப் பலகையைக் கழற்றிப் பெயின்ட் அடிக்க அனுப்பினாள். மறுநாள் லைல் வந்தார். பலகை இல்லை. கதவு பூட்டியிருந்தது. உள்ளே நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்திருந்தன. போதாதா? வண்டியில் உட்கார்ந்தபடியே எழுதிவிட்டார்: 'கடைசிச் சேவலும் அடங்கியது.' ஒன்பதாயிரம் பேர் அழுதார்கள். இரண்டாம் நாளே கீழே கருத்துச் சொன்னவர்கள் நடீனையும் சேர்த்துக் கொன்றுவிட்டார்கள்.

வாரக் கடைசியில் வாசலில் கூட்டம். பூங்கொத்து, மெழுகுவத்தி, விசும்பல். நடீன் ஏப்ரனோடு வெளியே ஓடி வந்தாள்.

"கடை திறந்துதாங்க இருக்கு! ஆப்பிள் பை இப்பத்தான் எடுத்தேன், சூடா இருக்கு, உள்ள வாங்க!"

ஓர் அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "காலமானவங்க பொண்ணா நீங்க? அப்படியே அவங்க சாடை."

"நான்தாம்மா அவங்க!"

"பாவம், அதிர்ச்சியில என்னமோ பேசுறா," என்றாள் அம்மாள், புருஷனிடம். இரண்டு பேரும் பூவை வைத்துவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சிரிப்பு அதோடு நின்றது. வாரத்துக்கு இரண்டு சுற்றுலாப் பஸ்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு நடீன் கடையில் நிற்கும். அவளுக்குக் குளிர்காலத்தைத் தாட்டிவிடுவதே அந்த இரண்டு பஸ்கள்தான். 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று ஒரு கடிதம் போட்டுவிட்டு, பஸ் கம்பெனி சாப்பாட்டைப் பெரிய நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலுக்கு மாற்றிவிட்டது. நடீன் போன் போட்டாள். இந்த வருஷத்துக்கு எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்றார்கள்.

லைலை வரச்சொன்னாள். வந்தார். நானும் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனேன்.

"ஏன்யா லைல், எழுதறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

"கதவு பூட்டியிருந்துச்சே நடீன்."

"அன்னைக்குத் திங்கக்கிழமை! எங்கப்பா காலத்துலேருந்து திங்கக்கிழமை லீவு! இருபது வருஷமா இந்த ரோட்டைப் பத்தி எழுதறே, இதுகூடவா தெரியாது?"

"நான் எப்பவுமே திங்கக்கிழமைதான் வருவேன். ஆள் நடமாட்டம் இல்லாம படம் சுத்தமா விழும்."

"சரி, கடை திறந்திருக்குன்னு போடு."

"போட்டாச்சே!" காட்டினார். ஒரே ஒரு வரி. பதினோரு பேர் பார்த்திருந்தார்கள்.

"அப்படின்னா உக்காரு. ஒரு வெங்காய பர்கர் தர்றேன். நீ சாப்பிடற மாதிரி படம் போடு. பஸ்காரன் கண்ணுல பட்டாலும் படும்."

லைல் சங்கடமாகச் சிரித்தார். "வீட்டிலேருந்து சாண்ட்விச் கட்டிக்கிட்டு வந்துட்டேன், நடீன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பானர் கையிலேயே இருந்தது பெரிய விஷயம்.

அக்டோபரில் சேவல் பலகை பளபளவென்று திரும்பி வந்தது. படமெடுக்க வரிசை நின்றது. உள்ளே ஈ ஓட்டினாள் நடீன். நவம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, அன்றோடு மூடுவதாகக் கதவில் எழுதி ஒட்டினாள். எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, மத்தியானமே லைல் ஆஜர். இருபது வருஷத்தில் முதல் தடவையாக முக்காலியில் உட்கார்ந்தார், கேமராவை மேஜைமேல் வைத்தார், குரலில் ஒரு நடுக்கத்தையும் வரவழைத்துக்கொண்டார்.

"கடைசி பர்கரை எனக்குக் கொடு, நடீன்."

நடீன் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மன்னிச்சுக்க லைல். நாங்க செப்டம்பர்லயே செத்துட்டோம். நீதானே எழுதினே."

அன்று மாலை 'ரோட்டுச் செய்தி'யில் வந்தது: 'இந்தச் செய்தியை முதலில் தந்தது நாமே.' இம்முறை பதினாலாயிரம் பேர் அழுதார்கள்.

அந்தப் பதினாலாயிரத்தில் நானும் ஒருவன் என்பதை எந்த முகத்தோடு சொல்வது? பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு, வீட்டிலிருந்து டப்பாவில் சாப்பாடு கட்டி வந்து, 'நாளைக்கு ஒரு நாள் நடீன் கடையில சாப்பிடணும்' என்று முப்பது வருஷம் தள்ளிப் போட்டவன் நான். இப்போது எதிரே பூட்டிய கதவைப் பார்த்தபடியே டப்பாவைத் திறக்கிறேன்.

நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? உங்கள் தெருமுனையிலும் ஒரு பழைய ஓட்டல் இருக்குமே, 'அதை மூடப் போறாங்களாம்' என்று யாராவது சொன்னால் 'ஐயோ, எப்பேர்ப்பட்ட இடம்!' என்று நெஞ்சில் கை வைப்பீர்களே, அங்கே கடைசியாகக் காசு கொடுத்துக் காபி குடித்தது எப்போது? விரல் விட்டு எண்ணி மழுப்ப வேண்டாம். எழுந்து போங்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.