ஊற்றுக்கண்ணாரும் ஒரு செம்புத் தண்ணீரும்

இப்போதெல்லாம் மனுஷர்கள் ஒரு செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். வளைத்துப் பார்க்கிறார்கள், மோந்துகூடப் பார்க்கிறார்கள். ஆனால் பூமிக்குள் தண்ணீர் எங்கே என்று கேட்க மட்டும், கறுப்புக் கண்ணாடி போட்டவன் ஒருவன் கவட்டைக் குச்சியோடு வந்து நின்றால் போதும். செருப்பை விட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

அன்று எங்கள் ஊரே ஓடியது. ஊற்றுக்கண்ணார் வந்துவிட்டாராம்! தண்ணீருக்கு மேல் நின்றால் அவர் குச்சி துள்ளுமாம். வீட்டுக்கொரு கோழி கொடுத்தால்தான் குச்சி பேசுமாம். அவர் வந்த வேன் நிறையக் கோழிகள் கத்தின. குச்சி கோழி தின்னுமா என்று நான் கேட்டேன். அப்படிக் கேட்டாலே பாவம் சேரும் என்றார்கள். யாருக்கு, கோழிக்கா?

இத்தனைக்கும் மேட்டில் வேலை பாதியில் கிடந்தது. மழைநீர் ஓடிப்போகாமல் நின்று பூமிக்குள் இறங்கட்டும் என்று, ஊர் கூடி ஓடைக்குக் குறுக்கே தடுப்பணை கட்டிக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு வாய் மட்டும் அடைக்கவில்லை. மழை முந்திக்கொண்டால் மொத்த வெள்ளமும் அந்த வாய் வழியாகப் பாயும். நேர் கீழே என் தங்கச்சியின் வயல். மண் தோண்டும் எந்திரமோ இரவல். சாயங்காலம் திருப்பியாக வேண்டும். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

நீர்ப்பிடிப்புக் குழுவின் தலைவர் என் மச்சான், அதாவது தங்கச்சி புருஷன். அவரே எந்திரத்தை மேட்டிலிருந்து இறக்கச் சொன்னார். ஊற்றுக்கண்ணார் காட்டும் இடத்தில் கிணறு தோண்டவாம்!

"ஏங்க, நம்ம வயலு போயிடுமேங்க!" என்றாள் தங்கச்சி.

"ஊத்தே வரப்போகுது, வயலப் பத்தி அழுவுற! சாமியார் காதுல விழப்போகுது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் பக்தியாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள்.

"ஐயா, உங்க கண்ணுதான் குச்சியில இருக்கே. முகத்துல இருக்குறதக் கட்டிட்டுக் காட்டுங்க. ஊரே அசந்துடும்!"

"கட்டு, கட்டு!" என்று கூட்டம் குதித்தது. அவரால் மறுக்க முடியுமா? தங்கச்சி அவர் கண்ணாடியைக் கழற்றி, என் துண்டை உருவிக் கட்டினாள். துவைத்து ரொம்ப நாளான துண்டு. அவர் மூக்கு பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

முதலில் குழுக் கொட்டகைக்குள் கூட்டிப்போனாள். அந்தத் தரைக்கு அடியில் பெரிய தொட்டி. முந்தாநாள் லாரித் தண்ணீர் நிரப்பித் தளும்பத் தளும்பக் கிடந்தது. மூடிமேல் பாய். பாய்மேல் ஊற்றுக்கண்ணார்.

குச்சி அசையவில்லை.

"வறட்சி!" என்றார். "பாதாளம் வரைக்கும் வறட்சி!"

எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. அதைத் தொட்டு இன்னொன்று. மச்சான் மட்டும், "மூடி தடுக்குதோ என்னவோ" என்றார்.

அடுத்து, அணைக்குக் கல் உடைக்கும் பாறைமேல் ஏற்றினாள். சாக்கு விரித்திருந்தாள், கடப்பாரை இறங்காத பாறை அது. அவர் காதுக்குப் பின்னால் நின்று, செம்புத் தண்ணீரைக் குடத்தில் மெல்லச் சரித்தாள்.

கள... கள... கள.

குச்சி துள்ளியது பாருங்கள்! கூடவே ஆளும் துள்ளினார். "ஊத்து! பெரிய ஊத்து! ஊருக்கே பாயும்! தோண்டுங்க!"

"அவுத்துட்டுப் பாருங்க ஐயா, எங்க தோண்டணும்னு."

அவிழ்த்தார். காலடியில் பாறை. திரும்பினால் தங்கச்சி கையில் செம்பு. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. யாரோ வேன் கதவைத் திறந்துவிட, கோழிகள் எகிறிக் குதித்து வீடு பார்த்து ஓடின. ஊற்றுக்கண்ணார் அவற்றைவிட வேகமாக வேனில் ஏறினார். குச்சிதான் பாறைமேல் கிடந்தது.

"எந்திரத்த மேட்டுக்கு ஏத்துப்பா! நிக்காத!" என்று கத்தினார் மச்சான், தங்கச்சி முகத்தைப் பார்க்காமல்.

"குச்சியையும் எடுத்துக்குங்க. அடுப்புக்கு ஆகும்" என்றாள் அவள்.

எல்லாரும் தெளிந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்போது எங்கள் ஊர்த் தையல்காரர் பயபக்தியாக வந்து, "அம்மா, அந்தச் செம்ப ஒரு தடவ தொட்டுக்கட்டுமா? அதுக்கு ஏதோ சக்தி இருக்கு" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை வேறு!

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தேன். தடுப்பணை தண்ணீரை நிறுத்தும் என்று எனக்கும் படம் போட்டுக் காட்டித்தான் இருக்கிறார்கள். படத்தை நான் நம்பவில்லை. வாயை அடைத்துவிட்டு, மழை பெய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன். நீங்களும் என் பேச்சை நம்ப வேண்டாம். வந்து பாருங்கள். துண்டை மட்டும் அவிழ்த்துவிட்டு வாருங்கள்.