தாங்கள் போட்ட காவல்காரனை எடுக்க அனுமதி கோரி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் சௌகரியமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் எங்களைவிடச் சௌகரியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு நேரே விஷயத்துக்கு வருகிறேன். வருகிறேன் என்று எழுதி இரண்டு நாளாகிறது. இன்றுதான் அடுத்த வரிக்கு வந்திருக்கிறேன்.

போன மாதம் என் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்ததும், தாங்கள் வந்து காப்பாற்றியதும் தங்களுக்கு நினைவிருக்கும். "உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது, வேகப்படுத்த இங்கே தொடவும்" என்று ஒரு பெட்டி வந்தது. மரியாதையாகக் கேட்கிறானே என்று தொட்டேன். அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் முடிக்குப் பூசுகிற சாயத்தின் விளம்பரம் வந்தது. என் தலையைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் பொறியாளராக இருந்த தாங்கள், செய்தி கேட்ட மறுநாளே பஸ் பிடித்து வந்து, நாலு மணி நேரம் இடுப்பை அசைக்காமல் உட்கார்ந்து, இருநூற்றுப் பதினேழு வைரஸ்களைப் பிடித்து ஒழித்து, தங்கள் கையாலேயே ஒரு ஆன்ட்டிவைரஸையும் போட்டு, "இனிமே ஒரு ஈ உள்ளே வராது சம்பந்தி" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஈ வரவில்லை. அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

ஆனால் என் மைத்துனர் வந்தார். "வீட்டுல நான் ஒருத்தன் இருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அத்தான்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தன் பங்குக்கு ஒரு ஆன்ட்டிவைரஸைப் போட்டார். இதை என் மனைவி பெருமையாக மாடி வீட்டுப் பல் டாக்டரிடம் சொல்ல, அவர் இறங்கி வந்து மூன்றாவதாக ஒன்றைப் போட்டார். அப்போது என் கடைவாய்ப் பல்லை அவர் திறந்து பாதியில் விட்டிருந்தார், மீதி வேலைக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார். அந்த நிலையில் எந்த மனிதனாலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அதன்பிறகு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு நான் குளித்து, செய்தித்தாளை வரி விளம்பரம் வரை படித்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாலும் அது வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில், "நாளை காலை தண்ணீர் வராது" என்று ஒரு அறிவிப்பு அடித்தேன். அது அச்சாகி வெளியே வருவதற்குள் தண்ணீர் போய், தொட்டி கழுவி, தண்ணீர் திரும்பியும் வந்துவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன், பழைய படங்களை அழித்தேன், தானாகத் தொடங்குகிற நிரல்களை நிறுத்தினேன். காற்றோட்டம் வேண்டும் என்று என் மனைவி மேசையை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னாள், நகர்த்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில் கம்ப்யூட்டர் மெக்கானிக்கை அழைத்தேன். இரண்டு நிமிஷம் பார்த்தார், சிரித்தார். "சார், வாசல்ல மூணு வாட்ச்மேன் நிக்கறாங்க. மூணு பேரும் ஒருத்தர் பையை ஒருத்தர் சோதிச்சுக்கிட்டே இருக்காங்க. உங்க வேலையை யார் பார்ப்பா? ஒருத்தரை வெச்சுக்கிட்டு மத்தவங்களை அனுப்புங்க, பறக்கும்."

பல் டாக்டருடையதை, பல் வேலை முடிந்த அன்றே எடுத்துவிட்டேன். மிச்சம் இரண்டு. மைத்துனருடையதை எடுக்கலாமா என்று மனைவியைக் கேட்டேன். "எடுங்க. என் தம்பிதானே? நான் என்ன சொல்லப்போறேன்?" என்றாள். முப்பத்தொரு வருஷமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறேன். அவள் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று சொன்னால் எத்தனை நாளைக்குச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

ஆக, பாக்கி இருப்பது தங்களுடையது. இங்கேதான் பேனா நின்றது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. தங்களைக் கண்டல்ல. என் பெண் அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. என்றாவது சாப்பிடும்போது தாங்கள் விளையாட்டாக, "நான் பஸ் பிடிச்சுப் போய்ப் போட்டதை உங்க அப்பா தூக்கிப் போட்டுட்டாராமே" என்று கேட்டுவிட்டால், அவள் என்ன செய்வாள்? வாயில்லாப் பூச்சி. தலையைக் குனிந்துகொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். என் கம்ப்யூட்டர் ஓடுவதற்காக அவள் அங்கே ஒரு சொல் கேட்கக் கூடாது. அதற்கு இந்தச் சனியன் படுத்தே கிடக்கட்டும்.

எனவே தாங்கள் மனம் கோணாமல் அனுமதி கொடுத்தால், ஒரு நல்ல நேரமாகப் பார்த்து அதை எடுத்துவிட்டு, தங்கள் மேல் உள்ள மரியாதைக்காக அதன் சின்னத்தை மட்டும் திரையில் அப்படியே வைத்திருப்பேன். அனுமதி இல்லையென்றாலும் வருத்தமில்லை. செடிகள் நன்றாக வளர்கின்றன.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். தங்கள் முழங்கால் வலி விரைவில் விலகட்டும்.

தங்கள் பணிவன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் என் மனைவி முழுவதையும் போனில் மகளுக்குப் படித்துக் காட்டிவிட்டாள். மகள் சிரித்த சிரிப்பு போனிலிருந்து சமையலறை வரை கேட்டது. "அப்பா, அந்த ஆன்ட்டிவைரஸ் ஒண்ணுத்துக்கும் உதவாதுன்னு இங்க என் மாமனாரோட கம்ப்யூட்டர்ல இருந்தே போன மாசம் எடுத்தாச்சு. நான்தான் எடுத்தேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவர் தவிச்சுக்கிட்டு இருக்கார்" என்றாள். அவர் உன்னை ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "அவரா? நான்தான் தினமும் அவரைத் திட்டிக்கிட்டிருக்கேன், கண்ட லிங்க்கையும் அமுக்காதீங்கன்னு. பாவம், பேசாம கேட்டுக்கறார்" என்றாள்.

ஆகையால் மேலே உள்ளவற்றைப் படிக்காததாகப் பாவிக்கவும். கிழித்துத்தான் போட்டிருப்பேன், ஆனால் தங்களிடம் வேறொன்று கேட்க வேண்டியிருக்கிறது. அவள் திட்டுவதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். இந்த வீட்டிலும் அப்படித்தான் இருந்தாள்.